இரண்டு சீட்டுக் காரில் ரேடியோ

அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். பின்னால் ஒரு முழம் இடமாவது இருந்திருந்தால் நானும் ஏறி ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன். எங்கள் பிழைப்பு இன்னும் கொஞ்ச நாள் தப்பியிருக்கும்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் என் வீட்டுக்காரர் டிரைவராக இருந்தார். பங்களாக்காரருக்குக் கீழே சமவெளியில் பஞ்சாலை. நாங்கள் அவரை ஐயா என்போம், அவர் வீட்டு அம்மாவை அம்மா என்போம். சித்திரை பிறந்ததும் குடும்பத்தோடு மேலே வருவார்கள், ஆனிச் சாரல் பிடித்ததும் இறங்கிவிடுவார்கள். மற்ற மாதங்களில் பங்களாவுக்கு நாங்கள் இருவர்தான் காவல். கார் ஷெட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு அடுக்களையும் விட்டிருந்தார்கள். மழைக்கு ஒழுகாத கூரை. அப்படி ஒரு கூரைக்குக் கீழே நான் அதற்கு முன் இருந்ததில்லை. என் ஊரான பேத்துப்பாறையில் கூலி வேலைக்குப் போன அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அங்கே எனக்குத் திரும்பிப் போக ஒரு சுவர்கூட இல்லை. என் வீட்டுக்காரருக்கும் யாரும் இல்லை. எங்களுக்குக் குழந்தையும் நிற்கவில்லை.

நான் சொல்லப்போவது நடப்பதற்கு முன்னால், அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. அந்த நோயின் பெயரைச் சொன்னால் அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் டம்ளர்கூடத் தர மாட்டார்கள். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். தினமும் ஊசி. நோய் தீர்ந்துவிட்டது என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகு ஐயா அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அது பெரிய மனசு. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஊசி நோயோடு சேர்த்து வேறொன்றையும் எடுத்துக்கொண்டு போனது. காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று முதலில் சொன்னார். மலையில் எங்கே பார்த்தாலும் வண்டுச் சத்தம்தானே, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் பால் பொங்கி அடுப்பில் விழுந்து சீறியது. அடுப்புக்குப் பக்கத்திலேயே அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். திரும்பவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. பாத்திரத்தைத் தரையில் போட்டேன். அவர் கால் மாற்றி நின்றார், அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் காது முழுக்கப் போய்விட்டது.

காது கேட்காதவனுக்கு யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? வேலை போனால் அறை போகும். நெஞ்சு நோய்க்காரன் என்று தெரிந்த பிறகு கடைவீதியில் மூட்டை தூக்கக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தோம். உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதில் அது முடிவாகிவிட்டது.

முதல் சீசன் எப்படியோ ஓடியது. அதற்கு ஐயாவின் குணம்தான் காரணம். ஐயா வேலைக்காரர்களிடம் வாய் திறந்து பேசுகிறவர் இல்லை. காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கைத்தடியால் தொடுவார். இடது தோளைத் தொட்டால் இடது பக்கம், வலது தோள் என்றால் வலது பக்கம், நடு முதுகில் தட்டினால் நிறுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாரே என்று என் வீட்டுக்காரர் மனம் நொந்ததுண்டு. காது போன பிறகு அந்தத் தடியை நாங்கள் கும்பிடாத குறை. எத்தனை மணிக்கு வண்டி வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அம்மா சமையல்கட்டில் என்னிடம் சொல்லுவார். நான் ஷெட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நின்று சொல்லுவேன். என் உதட்டை மட்டும் அவருக்குப் படிக்கத் தெரிந்தது. வேறு யார் உதடும் பிடிபடவில்லை.

வண்டி ஓட்டுவதில் அவரிடம் எந்தக் குறையும் நான் காணவில்லை. எஞ்சின் என்ன சொல்கிறது என்பது கால் வழியாகவும் உள்ளங்கை வழியாகவும் அவருக்கு ஏறிவிடும். ஆனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால்? வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வந்தால்? வத்தலக்குண்டுச் சாலையில் அவர் இறங்கிப் போன நாட்களில் திரும்பி வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. வாசலில் நிற்க வெட்கமாக இருக்கும், அதனால் ஷெட்டுக்குள் நின்றுகொண்டு மேட்டில் ஏறும் வண்டிச் சத்தத்துக்காகக் காத்துக் கிடப்பேன்.

அடுத்த சீசனில்தான் ஐயாவின் மகன் அந்தக் காரோடு வந்தார். நாங்கள் அவரைச் சின்னய்யா என்போம். மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுத் தன் தேசத்துக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய பழைய ரேஸ் கார் அது. பச்சைச் சாயம் அங்கங்கே உரிந்திருக்கும். மூக்கு நீளமாக இருக்கும், அதன்மேல் மூடியைத் தோல்வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். துணிக் கூரை. பாதி நாள் அதையும் மடக்கித்தான் வைத்திருப்பார். தாழ்வாக இருக்கும், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாது.

சின்னய்யா நல்ல பிள்ளை. அதுதான் எங்களுக்குப் பயம். தகப்பனார் மாதிரி தடியால் தொடுகிறவர் இல்லை. ஷெட்டில் வந்து டூல் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, அண்ணே அண்ணே என்று பேசிக்கொண்டே இருப்பார். எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். பேச்சுக் குரல் எழும்பியதுமே நான் காப்பியோ மோரோ எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவருக்குப் பின்னால் நின்று, என்ன கேட்கிறார் என்று வாயசைத்துக் காட்டுவேன். அன்னிய ஆண்பிள்ளைகள் முன்னால் தலை நிமிராத நான், அந்தச் சீசனில் எத்தனை முறை காரணமில்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒருநாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே கார் ரேடியோ. தனியாக ஒரு ஒலிபெருக்கி, அலை பிடிக்கிற நீளக் கம்பி ஒன்று. நோய் வருவதற்கு முன்னால் ஐயாவின் பெரிய காரில் ரேடியோ மாட்டியவர் என் வீட்டுக்காரர்தான். சின்னய்யா அதை ஞாபகம் வைத்திருந்தார். ஒரு கல்யாணத்துக்காக அவர் கீழே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்த இரண்டொரு நாளில் சிநேகிதர்கள் மேலே வருகிறார்களாம். அதற்குள் மாட்டி, ஓட்டிப் பார்த்து, சரிசெய்து வைக்கச் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்று வாயசைத்தேன். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? முன்பு செய்தவர் இப்போது முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

அடுக்களையில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“மாட்டிரலாம். கம்பியும் ஆணியும் கண்ணுக்குத் தெரியுது. அது பாடுதா கரகரங்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் கேட்டுச் சொல்றேன்,” என்றேன்.

மாட்டுவதில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை. பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்ஸை வண்டி உடம்போடு சேர்த்திருப்பார்களாம், நம்முடைய புது வண்டிகளுக்கு நேர்மாறாக. அதைப் பார்க்காமல் இணைத்தால் ரேடியோ புகைந்துவிடும். ரேடியோப் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு கம்பியை மாற்றி வைத்த பிறகுதான் அதைத் தொட்டார். பெட்டியை மீட்டர் பலகைக்குக் கீழே தொங்கவிட்டார். ஒலிபெருக்கிக்கு இடம் இல்லை. பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே ஒரு பலகையை வெட்டி வைத்து அதில் பொருத்தினார். பலகைக்கு நான் துணி தைத்துக் கொடுத்தேன். நீளக் கம்பியை முன் சக்கரத்து மட்கார்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ரேடியோவைத் திருப்பியதும் உள்ளே விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் சூடேறி, பிறகு பாட்டு வந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எஞ்சினைக் கிளப்பினார். பாட்டு போய்விட்டது.

அந்த இரைச்சலை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுக்களைச் சத்தம்தான். கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கிறது, எஞ்சினை முடுக்கினால் இன்னும் அதிகமாகப் பொரிகிறது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. காது இருந்த காலத்துச் சத்தமெல்லாம் அவருக்குள் அப்படியே கிடந்தது போல. “அப்ப அது பிளக்கு,” என்று பிளக்குக் கம்பிகளில் எதையோ சொருகினார். கடுகு குறைந்தது. ஆனால் ஒரு முனகல் இருந்தது. திருகையில் ஈரமாவு அரைபடுகிற மாதிரி என்றேன். அதை டைனமோ என்றார், அங்கே ஒரு சின்ன டப்பாவைக் கட்டினார். அது அடங்கியது. ஷெட்டில் நிற்கும்போது ஓரளவு சரியாகிவிட்டது.

சாலையில் இறங்கியதும் மறுபடி கடுகு. ஓட்டிப் பார்த்தால்தான் அதைப் பிடிக்க முடியும் என்றார். ஓட்டிப் பார்ப்பதென்றால் நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அப்போதெல்லாம் புருஷனோடு நடந்து போனாலே நாலடி பின்னால்தான் போவோம். நான் கூரையில்லாத காரில், ஊர் பார்க்க, அவருக்குச் சமமாக உட்கார்ந்து போனேன். அதோடு போயிற்றா? ஓட்டுகிறபோது அவர் என் உதட்டைப் பார்க்க முடியாது. சொல்லுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. என் வலது கையை அவர் இடது தோளில் வைத்துக்கொண்டேன். இரைச்சல் வந்தால் விரலால் தட்டுவேன், தெளிந்தால் அழுத்துவேன். பின்னால் ஹாரன் கேட்டால் தோளை இறுக்கிப் பிடிப்பேன். தலைமுந்தானை காற்றில் பறக்கும், அதை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். மற்றொரு கையை அவர் தோளிலிருந்து எடுக்க முடியாது.

கடைவீதி சும்மா இருக்குமா? காய்கறி விற்கிற பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கவுஞ்சியிலிருந்து பூண்டு கொண்டுவருகிற ஒருத்தி, “பட்டப்பகல்லயே கைய எடுக்க மாட்டேங்கிறாளே, ஆசை தீரலையா தாயி?” என்று கேட்டது எஞ்சின் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செப்புக் கம்பிப் பின்னல் வாங்குவதற்குச் சாமான் கடைப் பாயிடம் நிறுத்தினோம். அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். காரில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, “தொரைசானி எறங்க மாட்டாகளோ? கடைய அங்கன கொண்டாரவா?” என்றார். கேலிதான், வன்மம் இல்லை. நான் இறங்கிப் போய் வேண்டியதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏன் இறங்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு பின்னலை மடித்துக் கொடுத்தார்.

இரண்டு நாளில் அம்மா காதுக்கு எட்டிவிட்டது. சமையல்கட்டில் மற்ற வேலைக்காரிகள் இருக்கும்போதே கேட்டார்.

“ஏண்டி, வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். கார்ல ஊர்வலம் போறீகளாமே? தோள்ல கையப் போட்டுக்கிட்டு?”

நான் தலையைக் குனிந்துகொண்டு அரிசி களைந்தேன். என் மானம் போகிறது என்று தெரிந்தது. போகட்டும் என்று விட்டேன். வெட்கம் கெட்டவள் என்று ஊர் சொன்னால் அறை மிஞ்சும். உண்மை தெரிந்தால் அதுவும் மிஞ்சாது.

கடைசியில் இரைச்சல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மூக்கின் மேலிருந்த மூடியிலிருந்து. மூடி கடகடவென்று ஆடாமல் இருக்க, அது உட்காரும் விளிம்பு முழுக்க நாடா ஒட்டியிருந்தது. அதனால் மூடியின் இரும்பு வண்டியின் இரும்பைத் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாலை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே அவர் ஸ்பேனரை விளிம்பில் வைத்துவிட்டு ஏதோ தேடப் போனார். ஸ்பேனர் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடுப்பிலிருந்து சட்டியை எடுத்ததுபோல இரைச்சல் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். ஸ்பேனரை எடுத்தேன், கடுகு பொரிந்தது. வைத்தேன், நின்றது. செப்புப் பின்னலை இரண்டு இடத்தில் நாடாவின் குறுக்கே வைத்து முடுக்கினார்.

ஏரியைச் சுற்றி ஒரு நடை போனோம். ரேடியோவில் திருச்சி ஸ்டேஷனிலிருந்து யாரோ ஒருவர் தென்னைக்கு எரு வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வட்டமாகக் குழி எடுக்க வேண்டும், தண்டை ஒட்டி வைக்கக் கூடாது என்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மலையில் தென்னையே கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் குரலுக்கு நான் கோயில் கட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர் தோளை அழுத்தினேன். அழுத்திய கையை வீடு வரும் வரைக்கும் தளர்த்தவில்லை.

அன்றைக்கு அவர் ஸ்டேஷன் முள் நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடிமேல் ஊசியால் ஒரு கீறல் போட்டார். சத்தக் குமிழிலும் ஒரு கீறல். காற்றில் ஓடும்போது கேட்கிற அளவுக்கு நான் சொன்ன இடம் அது. இந்தக் கீறலும் அந்தக் கீறலும் நேராக இருந்தால் பாட்டு வருகிறது என்று அர்த்தம். அதோடு ஒலிபெருக்கிப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொள்வார். பாடும்போது பலகை நடுங்கும். “நடுங்குனா பாடுது, நடுங்காட்டி பாடல. எனக்கு இது போதும்,” என்றார். கொஞ்சம் தெம்பாக இருந்தார். காது போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் போன சின்னய்யா மறுநாள் மதியம் திரும்பி வந்தார். வந்த கையோடு ஷெட்டுக்குத்தான் வந்தார். ரேடியோவைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். தனியாக ஓட்டிப் பார்ப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கதவைத் திறந்துவிட்டு, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கண்ணே, நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஸ்டேஷனப் பாத்துக்கங்க.”

 அவருக்கு மேலுக்கு முடியவில்லை, காலையிலிருந்து தலைவலி என்று சொன்னேன். சின்னய்யாவின் முகத்தைப் பார்த்து நான் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அந்தப் பொய்தான். ஏரியைச் சுற்றிவிட்டு வெரசாக வந்துவிடுவோம், காற்று பட்டால் தலைவலி போய்விடும் என்று சிரித்தார். அவர் உட்கார்ந்தார். இவர் உட்கார்ந்தார். கார் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதட்டை அசைப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

போகும்போது பாட்டு நன்றாகத்தான் கேட்டது. சரிவில் இறங்கி, மரங்களுக்குள் போய், தேய்ந்து, நின்றுவிட்டது. நான் பங்களா கேட்டுக்குப் போனேன். யார் பார்த்தால் என்ன என்று சாலை ஓரத்திலேயே நின்றேன். ஏரியைச் சுற்றிவர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தது. மூடுபனி ஏறி வந்து எதிர்ச்சரிவை மறைத்தது. உருண்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைவிடவும் சின்னய்யா இவரிடம் ஏதாவது பேசியிருப்பாரோ, கேட்டிருப்பாரோ என்று நினைத்தபோதுதான் அதிகமாகப் பயந்தேன். அதுவும் உண்மை.

பிறகு கேட்டது. முதலில் அருவி என்று நினைத்தேன். கொதிக்கிற எண்ணெயில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி ஒரு இரைச்சல், மேட்டில் ஏறி என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சாலையில் நடந்தவர்கள் ஒதுங்கிக் காதைப் பொத்தினார்கள். பனிக்குள்ளிருந்து பச்சைக் கார் வெளியே வந்தது. சின்னய்யா கல் மாதிரி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி சிரித்த முகமாக வந்தார்.

ஷெட்டுக்கு முன்னால் நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். தூசி துடைக்கத் துணி எடுக்க ஷெட்டுக்குள் போனார். ரேடியோ இன்னும் அலறிக்கொண்டிருந்தது. சின்னய்யா எஞ்சினை நிறுத்தினார். பிறகுதான் கை நீட்டி ரேடியோவை அணைத்தார். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

“எத்தன நாளா?” என்று கேட்டார்.

 

“ஊசி போட்டதுல போச்சுங்க,” என்றேன். “வண்டி ஓட்டுறதுல ஒரு கொறையும் வைக்கலீங்க. ஒரு கீறல்கூடப் போட்டதில்ல. ஐயாகிட்டச் சொல்லிராதீங்க. எங்களுக்குப் போக எடம் கெடையாதுங்க.”

என்ன நடந்தது என்று அவர் சொன்னார். ஏரியோடு நிற்காமல், ஆசையில் வில்பட்டிச் சாலையில் கொஞ்சம் தூரம் போயிருக்கிறார்கள். மலை மறைத்ததும் ஸ்டேஷன் போய்விட்டது, திரும்புவதற்குள் மத்தியான ஒலிபரப்பும் முடிந்துவிட்டது, இரைச்சல் ஏறிவிட்டது. குறைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு மாற்றச் சொல்லியிருக்கிறார். இவர் கீறலைப் பார்த்தார், பலகையைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார். சின்னய்யா முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம். பிறகு சாலையைப் பார்த்தபடியே, சாதாரணக் குரலில், அண்ணே வண்டி தீப்பிடித்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாராம்.

“ஆமாங்க சின்னய்யான்னு சிரிக்கிறாரு,” என்றார். “அதுக்கப்புறம் கடைவீதி வழியா வந்தப்பக்கூட அந்த ரேடியோவ அணைக்க எனக்குக் கை வரல.”

நான் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். அழுகிற மாதிரிதான் இருந்தார். ஆனால் குரல் அசையவில்லை.

“என்னயத் திட்டிக்கங்க. அக்கா பிள்ளைங்க வெள்ளிக்கிழம மேல வருதுங்க. அண்ணே போயிக் கூட்டிட்டு வரணும்னு அப்பா சொல்லிருக்காரு. தெரிஞ்சுக்கிட்டே நான் எப்படி அதுகள ஏத்திவிடுவேன், சொல்லுங்க.”

 அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிந்ததுதான் பெரிய வேதனை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் சாபம் கொடுத்துவிட்டு ஆறியிருப்பேன்.

பங்களாவுக்குள் போனார். சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. அம்மாதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஐயா கோபப்படவில்லையாம். ஆனால் இனி வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. புது டிரைவர் வரும் வரைக்கும் அறையில் இருந்துகொள்ளலாம். அம்மா வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு போனது எதற்கென்று அப்போது அவருக்குப் புரிந்திருக்கும். ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சிகைக்காய்த் தூள் போட்டுக் கையில் இருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும், சின்னய்யாவுக்குப் பிடித்துப்போய்விட்டது, வழியெல்லாம் தன்னிடம் பேசிக்கொண்டே வந்தார் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.  அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். மலை மறைத்ததைச் சொன்னேன். தீ என்று சொன்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரும் பிள்ளைகளையும் சாவியையும் சொன்னேன்.

சாவியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பற்றியும் கேட்கவில்லை.

“நான் சிரிச்சுக்கிட்டேவா வந்தேன்?” என்றார்.

“ஆமாங்க.”

“கடைவீதி வழியாவா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். கழுவிய கையை மறுபடி தண்ணீரில் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கறுத்துப்போய், அதற்கப்புறம் கறுக்க ஒன்றும் இல்லாமல் போகும் வரைக்கும் கழுவினார். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

புது டிரைவர் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். பாய்தான் ஒரு வழி சொன்னார். மன்னவனூரில் ஒரு கிழங்குத் தோட்டக்காரர் ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற ஆயில் எஞ்சின் வாங்கிவிட்டு, அதைக் கட்டி மேய்க்க ஆள் இல்லாமல் அல்லாடுகிறாராம். “வெள்ளனே பஸ்ஸுக்குப் போயிருங்க தங்கச்சி, மத்தியானம்னா அவரு தோட்டத்துல இருக்க மாட்டாரு,” என்றார். காதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கே பாய்க்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் ஒரு டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினோம். கொடைக்கானலைவிடக் குளிர். தோட்டக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். என்ன சோலியாக வந்தீர்கள் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் நான் பின்னால் நின்று வாயசைத்திருப்பேன். அன்றைக்கு முன்னால் போய் நின்றேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“எஞ்சின் வேலைக்கு வந்திருக்கோமுங்க. இவருக்குச் சுத்தமாக் காது கேக்காது. மொதல்லயே சொல்லிர்றேன்.”

தோட்டக்காரர் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி பஸ் எப்போது என்றுகூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, ஓடைக்கரையில் எஞ்சின் நின்ற தகரக் கொட்டகையைக் காட்டினார்.